மெஷின்களுக்கு நடுவே சொந்தக் குரல்: வாசகர் கேள்வி பதில்

சிந்தசைசரும் டிரம் மெஷினும் மட்டுமே ஒலித்த ஆல்பங்களைச் செய்துவந்தவர், அடுத்த ஆல்பத்தில் தானே பாடப்போகிறார். எங்கே தொடங்குவது, எது சிக்கும்? இதைச் சுற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பத்து டிராக் கையில் இருக்கிறது. மிக்ஸ் வரை முடித்துவிட்டேன். இதன் மேல் பாடிச் சேர்த்தால் போதுமா?

போதாது. முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆனால் மிக்ஸை ஓரமாக வைத்துவிட்டுச் சுருதியை மறுபடி பார்க்க வேண்டும். இன்ஸ்ட்ருமென்டல் செய்யும்போது சுருதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கீபோர்டில் விரல் போய் விழுந்த இடம், அல்லது பேஸ் நன்றாக அதிர்ந்த சுரம். உங்கள் தொண்டையிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

கீபோர்டில் ஒவ்வொரு சுரமாக இறங்கி அகாரம் பாடுங்கள். காற்று மட்டும் வந்து நாதம் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதேபோல மேலே ஏறி, கழுத்து இறுகத் தொடங்கும் சுரத்தையும் குறியுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவே, குரல் சிரமமில்லாமல் கணீரென்று வரும் ஆறேழு அரைச்சுரங்கள் கிடைக்கும். பல்லவியில் நீண்டு நிற்கும் கார்வைகள் அந்த ஆறேழுக்குள் விழுமாறு டிராக்கை ஏற்றவோ இறக்கவோ செய்யுங்கள். உச்ச சுரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வரலாம்; அதிலேயே நின்றால் மூன்றாவது டேக்கில், அதாவது மூன்றாவது பதிவு முயற்சியில், குரல் கம்மிவிடும்.

புதிதாகப் பாடுகிறவர்கள் அனேகமாக எல்லோரும் சுருதியைத் தேவைக்கு மேல் இறக்கிவிடுகிறார்கள். உட்கார்ந்தபடி முணுமுணுத்துப் பார்க்கும்போது அது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ஆண்குரல் கீழ்ஸ்தாயியில் மெல்லப் பாடினால் அதன் அடிச்சுரம் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வாக்கில் கிடக்கும். கிக் டிரம்மின் உடம்பும் பேஸின் மேல் ஹார்மோனிக்குகளும் குடியிருப்பதும் அங்கேதான். எவ்வளவு ஒலி கூட்டினாலும் அந்தக் குரல் முன்னால் வராது. சந்தேகம் இருந்தால் இரண்டு அரைச்சுரம் மேலே வைத்துப் பாடிப்பாருங்கள்.

சுருதி மாற்றும்போது சப்-பேஸை மறக்காதீர்கள். நாலு கட்டையில், அதாவது எஃப்பில் இருக்கும் டிராக்கின் அடி சுரம் 43.65 ஹெர்ட்ஸ். அதை ஒரு கட்டைக்கு, அதாவது சி-க்கு, இறக்கினால் 32.7 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். பெரிய ஸ்பீக்கரில் தரை அதிரும். சின்ன ஸ்பீக்கரில் பேஸே இருக்காது. ஐந்து கட்டைக்கு, அதாவது ஜி-க்கு, ஏற்றினால் 49 ஹெர்ட்ஸ், இன்னும் அதிக ஸ்பீக்கர்களில் கேட்கும். இறக்கியே ஆக வேண்டுமென்றால் பேஸ் வரியில் மிகக் கீழே போகும் சுரங்களை மட்டும் ஒரு ஸ்தாயி மேலே எழுதுங்கள்.

இன்னும் மூன்று இடங்களில் கால் இடறும். சுருதி சேர்த்த கிக் பழைய சுருதியிலேயே நின்றுவிடும். மிடிச் சுரக்குறிப்புகளை மாற்றினால் டிரம் சாம்பிள் மாறாது. சிந்தில் ஃபில்டரின் கீ-டிராக்கிங் அணைந்திருந்தால் சுரம் மட்டும் நகரும், ஃபில்டர் நகராது. பழைய பளபளப்பு மங்கும் அல்லது கூசும். ஆடியோவாக உறைந்துபோன லூப்புகள் இரண்டு மூன்று அரைச்சுரம் வரை பொறுத்துக்கொள்ளும்; அதற்கு மேல் தாக்கொலிகள் குழைந்துவிடும். மூல பிரீசெட் இருந்தால் புதுச் சுருதியில் மறுபடி பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: குரல் தனியாக நன்றாக இருக்கிறது. டிராக்கோடு ஓட்டினால் மூழ்கிவிடுகிறது. ஒலியைக் கூட்டினால் கரோக்கி மாதிரி மேலே மிதக்கிறது. எங்கே தவறு?

தவறு குரலில் இல்லை, டிராக்கில்தான். இன்ஸ்ட்ருமென்டலில் கதாநாயகன் லீட் சிந்த். இப்போது இன்னொரு கதாநாயகன் வந்து நிற்கிறான். பழையவரோ மேடையை விட்டு இறங்கவில்லை. ஈக்யூவை (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவியை) தொடுவதற்கு முன் மியூட் பட்டனைத் தொடுங்கள்.

குரல் வரும் வரிகளில் லீட் சிந்தை முழுக்க நிறுத்துங்கள். வரி முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில் அது இரண்டு மூன்று சுரத்தில் பதில் சொல்லட்டும். அடுத்து பேட், அதாவது பின்னணியில் நீண்டு நிற்கும் சிந்த். நாலு சுரக் கோர்டை அகலமான சூப்பர்சாவில் வாசித்திருந்தால் அது 200 ஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரை சுவர் எழுப்பிவிடும். குரலின் சுரமும் எழுத்தின் தெளிவும் இருப்பது அதே எல்லைக்குள். சரணத்தில் கோர்டை இரண்டு சுரமாகக் குறையுங்கள், ஃபில்டரை மூடுங்கள், பல்லவியில் திறந்துகொள்ளலாம். டிராப்பை (பீட் முழு பலத்தோடு இறங்கும் இடத்தை) மட்டும் பழையபடி விட்டுவிடலாம், அங்கே பாடப்போவதில்லை என்றால்.

ரைசர்களையும், அதாவது ஏறிக்கொண்டே போகும் ஒலிகளையும், பாருங்கள். வெண் இரைச்சலில் செய்த ரைசர், மெய்யெழுத்துகளின் விளிம்பு கேட்கும் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் பகுதியை அடைத்துக்கொள்ளும். குரல் நுழைவதற்கு அரை பார் முன்னாலேயே அதை வெட்டிவிடுங்கள். அந்தச் சின்ன மௌனம் குரலுக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி இருக்கும். சிந்தில் போட்ட பிங்-பாங் டிலேயும் அப்படித்தான். சொற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியெல்லாம் அதன் எதிரொலியால் நிரம்பிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு உரசல் மிச்சமிருந்தால் கருவிகளுக்குப் போகலாம். குரல் நடுவில் இருப்பதால், பேட் குழுவின் நடுப்பகுதியில் மட்டும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 2 அல்லது 3 டெசிபெல் குறையுங்கள், ஓரங்களைத் தொடாதீர்கள். அல்லது குரலைச் சைட்செயினாகக் கொடுத்து, அதாவது குரல் வரும்போது மட்டும் வேலை செய்யுமாறு, ஒரு டைனமிக் ஈக்யூ போடுங்கள்: அட்டாக் 10 மில்லிசெகண்ட், ரிலீஸ் 150 வாக்கில், அதிகபட்சம் 3 டெசிபெல் குறைப்பு. அதற்கு மேல் போனால் குரல் வரும்போதெல்லாம் பேட் பதுங்குவது காதில் விழும்.

வேலை முடிந்ததா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. குரலை மியூட் செய்துவிட்டு டிராக்கை ஓட்டுங்கள். ‘ஏதோ குறைகிறதே’ என்று தோன்ற வேண்டும். முழுசாக இருப்பதாகத் தோன்றினால் இன்னும் ஏதோ ஒன்றை எடுக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: எந்த மைக் வாங்குவது? கண்டென்சரா, டைனமிக்கா?

அறையில் எதிரொலி அடங்கியிருந்தால் நுணுக்கமாகக் கேட்கும் கண்டென்சர், இல்லையென்றால் டைனமிக். டைனமிக் மைக்கில் வாயை 5 முதல் 10 சென்டிமீட்டர் நெருக்கத்தில் வைத்துப் பாடலாம், அதனால் அறையின் சத்தம் ஒப்பீட்டில் குறைந்துவிடும். ஒலிபரப்புக்கென்று செய்த சில டைனமிக் மைக்குகளுக்கு 60 டெசிபெல் வரை கெயின் தேவை. உங்கள் இன்டர்ஃபேஸ் அவ்வளவு தராவிட்டால் குரலுக்குப் பின்னால் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சல் சேரும். வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள். கண்டென்சருக்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர் வேண்டும் என்பது தெரிந்ததுதான்.

கேள்வி: மைக்குக்குப் பின்னால் ஃபோம் வளையம் வைத்திருக்கிறேன். இருந்தும் குரல் பெட்டிக்குள் இருந்து வருகிற மாதிரி கேட்கிறது.

ஃபோம் தப்பான பக்கம் இருக்கிறது. முன்பக்கம் மட்டும் கூர்ந்து கேட்கும் கார்டியாய்டு மைக் தனக்குப் பின்னால் இருப்பதை ஏற்கெனவே சரியாகக் கேட்காது. அது கேட்பது முன்னால் இருக்கும் உங்களையும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். உங்கள் குரல் அறையைச் சுற்றி, அந்தச் சுவரில் பட்டு, தோளைத் தாண்டி மைக்குக்குள் வருகிறது. கனமான ரஜாயோ இரண்டு மடிப்புப் போர்வையோ உங்களுக்குப் பின்னாலும் இரு பக்கமும் தொங்கட்டும். துணி சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி இருந்தால் இன்னும் நல்லது. மூலையில் நிற்காதீர்கள், அறையின் நட்டநடுவிலும் நிற்காதீர்கள்; இரண்டு இடத்திலும் கீழ் அதிர்வெண்கள் ஒன்று குவியும், இல்லை காணாமல் போகும்.

ஃபோமின் கனமும் ஒரு காரணம். 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, அதாவது எட்டரை சென்டிமீட்டர் கனம் இருந்தால்தான் சுவரில் ஒட்டிய பொருள் அதை நன்றாக உறிஞ்சும். இரண்டரை சென்டிமீட்டர் ஃபோம் மேல் அதிர்வெண்களை மட்டும் தின்றுவிட்டு, 300 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான ‘டப்பா’ ஒலியை அப்படியே விட்டுவிடும். அறை முழுக்க மெல்லிய ஃபோம் ஒட்டினால் நிலைமை மோசமாகும், குரல் மந்தமும் ஆகும் டப்பாவும் ஆகும்.

‘அறைச் சத்தம் லேசாகத்தானே இருக்கிறது, போகட்டும்’ என்று விடாதீர்கள். மிக்ஸில் கம்ப்ரஸர் (உரத்த இடங்களை அமுக்கிச் சமப்படுத்தும் கருவி) குரலை 10 டெசிபெல் அமுக்கி, நீங்கள் அதை மேக்கப் கெயினில் ஈடுகட்டினால், சொற்களுக்கு இடையில் கிடந்த அறைச் சத்தம் 10 டெசிபெல் எழுந்து வரும்.

கேள்வி: பதிவு செய்யும்போது லெவல், தூரம், பஃபர் எல்லாம் எவ்வளவு?

24 பிட். மிகச் சத்தமான வரியைப் பாடும்போது உச்சம் மைனஸ் 10 முதல் மைனஸ் 6 டெசிபெல்லுக்குள் நிற்கட்டும்; சராசரி மைனஸ் 18 வாக்கில் வரும். மீட்டரைச் சிவப்புவரை துரத்த வேண்டியதில்லை. கெயின் வைக்கும்போது பல்லவியைப் பாடிப் பார்த்து வையுங்கள், ‘ஹலோ ஒன் டூ’ சொல்லி வைத்தால் டேக்கின் நடுவில் கிளிப் ஆகி ஒலி உடையும்.

கண்டென்சரில் தூரம் 15 முதல் 20 சென்டிமீட்டர், பாப் ஃபில்டர் மைக்கிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் முன்னால். ‘ப’ வெடித்தால் மைக்கை மூக்கு உயரத்துக்கு ஏற்றி, வாயை நோக்கிச் சாய்த்து வையுங்கள். வாயிலிருந்து வரும் காற்று நேராகப் போய்விடும், ஒலி மட்டும் மைக்கில் விழும். தூரம் மாறினால் குரலின் கனமும் மாறும்; கார்டியாய்டில் நெருங்க நெருங்க பேஸ் ஏறும். அதனால்தான் சரணம் ஒரு நாளும் பல்லவி மறுநாளும் பதிவு செய்தால் இரண்டு ஆள் பாடிய மாதிரி இருக்கிறது. தரையில் கால் வைக்கும் இடத்தில் டேப் ஒட்டுங்கள்.

பஃபர், அதாவது கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு, 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட் தாமதம்; போய்வரும் வழியும் கன்வெர்ட்டரும் சேர்த்தால் ஆறேழு ஆகும், பாடலாம். 512 வைத்தால் 20-ஐத் தாண்டிவிடும், நாக்கு தடுமாறும். புராஜெக்ட் கனமாக இருந்தால் டிராக்கை ஒரே ஸ்டீரியோ ஃபைலாக ஏற்றுமதி செய்து, புதுப் புராஜெக்டில் வைத்துப் பாடுங்கள். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டரிங் (குரல் கணினிக்குள் போய்வராமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வருவது) இருந்தால் அதுவே மேல். கொஞ்சம் ரிவெர்ப் (அறை எதிரொலிப் பூச்சு) மட்டும் மென்பொருளிலிருந்து கலந்துகொள்ளலாம்.

அதிகம் பேர் முயன்று பார்க்காத ஒன்று: ஹெட்ஃபோனில் உங்கள் குரல் பொக்காகக் கேட்டால் மானிட்டர் சிக்னலின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல்-கீழ் திசையை, திருப்பிப் பாருங்கள். எலும்பு வழியாகக் காதுக்கு வரும் உங்கள் குரலும் ஹெட்ஃபோன் வழியாக வருவதும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருக்கலாம். எந்த நிலையில் குரல் கனமாக இருக்கிறதோ அதில் பாடினால் சுருதி நிற்கும்.

கேள்வி: பதிவில் என் குரலைக் கேட்கவே பிடிக்கவில்லை. ரிவெர்பில் மூடிவிடலாமா?

பிடிக்காதது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல, எல்லோருக்கும் நேர்வது. பேசும்போதும் பாடும்போதும் மண்டையோட்டின் எலும்பு வழியாகக் கீழ் அதிர்வெண்கள் உள்காதுக்குப் போகின்றன. பதிவில் அந்தப் பங்கு இல்லை, அதனால் குரல் மெல்லிசாக, யாருடையதோ போலக் கேட்கிறது. மற்றவர்கள் இவ்வளவு நாளும் கேட்டுவருவது அந்தக் குரலைத்தான். அவர்களுக்கு அதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

‘பிடிக்கவில்லை’ என்பதை உடைத்துப் பாருங்கள். ஒரு டேக்கை மறுநாள் கேட்டு, நாலு விஷயம் மட்டும் எழுதுங்கள்: எந்த வரியில் சுருதி விலகுகிறது, எங்கே தாளத்துக்கு முந்துகிறது அல்லது பிந்துகிறது, எந்தச் சொல் புரியவில்லை, எங்கே மூச்சு போதவில்லை. இந்த நான்கையும் திருத்த முடியும். பட்டியலில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் அது பழக்கமின்மை. சில வாரம் கேட்டுக்கொண்டே மற்ற வேலையைப் பாருங்கள்.

ரிவெர்பில் மூடுவது நடக்காது. பிசகிய சுரத்தை ரிவெர்ப் மறைக்காது, நீட்டிக் காட்டும், மறைவது சொல்தான். ரிவெர்பை அழகுக்காகப் போடுங்கள், வெட்கத்துக்காகப் போடாதீர்கள். எஃபெக்ட் இல்லாத வறண்ட டேக் நிற்கிறதா என்று பார்த்த பிறகே அதைத் திறக்க வேண்டும்.

கேள்வி: வேகமான டிராக்கில் வரிகள் எழுதினால் வாய்க்குள் நுழைய மாட்டேன் என்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 124 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 124 தட்டு வேகத்தில், ஒரு பதினாறாம் பங்கு சுரம் 121 மில்லிசெகண்ட். ஒவ்வொரு பதினாறிலும் ஓர் எழுத்தை வைத்தால் பார் ஒன்றுக்குப் பதினாறு எழுத்து, இரண்டு நொடிக்கும் குறைவான நேரத்தில். ராப் என்றால் சரி. பாட்டுக்கு அதில் பாதி போதும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இலக்கணமே கைகொடுக்கும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கார்வை விழும் இடத்தில் நெடில் வரட்டும். குறிலை நாலு எண்ணிக்கைக்கு இழுத்தால் அது நெடிலாகி, சொல்லே மாறிவிடும். ‘கல்’லை இழுத்தால் ‘கால்’. ஒற்றெழுத்து இரட்டிக்கும் சொற்கள், ‘பட்டு’, ‘கக்கு’ போன்றவை, டிரம் அடிக்கும் இடத்தில் அழகாக உட்காரும். நீளும் இடத்தில் மூச்சை அடைக்கும். வரியின் கடைசிச் சொல் ‘ஆ’, ‘ஏ’, ‘ஓ’ என்று திறந்து முடிந்தால் டிலே அதைப் பிடித்துக்கொண்டு போகும். ‘ட்’, ‘க்’ என்று மூடினால் டிலே பிடிக்க ஒன்றும் இருக்காது.

நிரப்ப வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். இந்த இசையில் நாலே சொல்லைப் பதினாறு பாருக்குத் திருப்பித் திருப்பிப் பாடலாம், ஒவ்வொரு முறையும் பின்னணி மாறினால் போதும்.

கேள்வி: எத்தனை டேக் எடுப்பது? டபுள் (அதே வரியை மறுபடி பாடி அடுக்குவது) அவசியமா?

பகுதி பகுதியாக, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு டேக். பத்தைத் தாண்டினால் குரலும் களைக்கும், தேர்ந்தெடுக்கும் காதும் களைக்கும். பாடத் தொடங்குமுன் பத்துப் பதினைந்து நிமிடம் உதடு அதிரவிட்டு, ஸ்ட்ரா வழியாக ஹம்மிங் செய்து குரலை எழுப்புங்கள். தண்ணீர் பாடும் நேரத்தில் மட்டும் குடித்தால் போதாது. விழுங்கும் நீர் குரல்நாண்களைத் தொடுவதே இல்லை, உடம்பு வழியாகத்தான் அங்கே ஈரம் போய்ச்சேரும். அதற்கு நேரம் பிடிக்கும். முந்தின நாளிலிருந்தே குடிக்க வேண்டும்.

டேக்குகளை ஒட்டும்போது வெட்டு மெய்யெழுத்துக்குச் சற்று முன்னால் விழட்டும், 5 முதல் 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேடோடு (ஒன்று தேய மற்றது எழும் இணைப்போடு). நீளும் உயிரெழுத்தின் நடுவில் வெட்டினால் எவ்வளவு பூசினாலும் தெரியும். மூச்சுகளை முழுக்க அழிக்காதீர்கள், 6 டெசிபெல் குறைத்தால் போதும்.

டபுள் பல்லவிக்கு மட்டும். காப்பி எடுத்து நகர்த்தியது டபுள் ஆகாது. மறுபடி பாட வேண்டும். இரண்டு டபுள் எடுத்து இடமும் வலமும் வைத்து, நடுக் குரலைவிட 8 முதல் 10 டெசிபெல் கீழே விடுங்கள். வரி முடிவில் மூன்று ‘ஸ்’ஸும் மூன்று ‘ட்’டும் சிதறிக் கேட்கும், அங்கே டபுள்களின் கடைசி மெய்யை அழித்துவிடுங்கள்.

கேள்வி: வோகோடர், ஆட்டோட்யூன் போட்டால் ‘சொந்தக் குரல்’ என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

தாராளமாக. தொலைபேசிக் கம்பியில் பேச்சைச் சுருக்கி அனுப்ப 1930-களில் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி உருவாக்கியதுதான் வோகோடர். இசைக்காரர்கள் அதை, சிந்தைப் பேசவைக்கும் கருவியாக, தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். 1997-இல் வந்த, சுருதியைத் தானே திருத்தும் ஆட்டோட்யூனைச் செய்த ஆண்டி ஹில்டெபிராண்ட், அதற்கு முன் எண்ணெய் தேட நில அதிர்வுத் தரவுகளை அலசியவர். கருவியின் பூர்வீகம் எதுவானாலும் உள்ளே போகும் உச்சரிப்பும் உணர்ச்சியும் உங்களுடையவை. ஆனால் ஆல்பம் முழுக்க அதன் பின்னால் நின்றால், ‘முதல்முறையாகப் பாடியிருக்கிறேன்’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஒரு பாட்டிலாவது குரல் கழுவித் துடைத்த முகத்தோடு வரட்டும்.

வோகோடரில் சொல் புரியாமல் போவதற்குக் காரணங்கள் இரண்டு. கேரியர் சிந்த் (குரல் வடிவம் கொடுக்கும் மூல ஒலி) மந்தமாக இருப்பது ஒன்று: சைன் அலையையோ ஃபில்டர் மூடிய பேடையோ கொடுத்தால் வடிவம் கொடுக்க ஹார்மோனிக்கே இருக்காது, சா அலையைத் திறந்து கொடுங்கள், சற்று வெண் இரைச்சலும் கலந்து. குரலின் சத்தம் ஏறி இறங்குவது மற்றொன்று: வோகோடருக்குள் போகுமுன் நன்றாக கம்ப்ரஸ் செய்யுங்கள். 16 முதல் 20 பேண்ட் (அதிர்வெண் பிரிவு) போதும். பிறகு மூலக் குரலில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை மட்டும் வடிகட்டி மெல்லக் கலந்தால் ‘ச’வும் ‘த’வும் திரும்பி வரும்.

ஆட்டோட்யூனில் ரீட்யூன் வேகம் பூஜ்யம் என்றால் படிக்கட்டு ஒலி. 20-க்கு மேல் போகப் போக இயல்பு. கமகத்தோடு பாடுகிறவர்கள் கவனிக்க: வேகம் பூஜ்யத்தில் உங்கள் அசைவுகளெல்லாம் பக்கத்துச் சுரங்களுக்குத் தாவும் படிகளாக மாறிவிடும். அந்த வரிகளில் கருவியை அணைத்துவிட்டு, விலகிய சுரத்தை மட்டும் கையால் திருத்துங்கள்.

கேள்வி: மிக்ஸில் குரலுக்கான வரிசை என்ன? மாஸ்டர் செய்தபின் கிக் அடிக்கும்போதெல்லாம் குரல் நடுங்குகிறதே?

வரிசை: சுருதித் திருத்தம், 80 முதல் 100 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் (அதற்குக் கீழுள்ளதை வடிகட்டுவது), டப்பா ஒலி இருந்தால் 300 முதல் 500-க்குள் 2 அல்லது 3 டெசிபெல் வெட்டு. பிறகு இரண்டு கம்ப்ரஸர்: முதலாவது வேகமானது, 4:1, உச்சங்களை மட்டும் 3 முதல் 5 டெசிபெல் பிடிக்கட்டும், இரண்டாவது மெதுவானது, 2 டெசிபெல் வாக்கில் தாங்கிப் பிடிக்கட்டும். ஒரே கம்ப்ரஸரை 8 டெசிபெல் அமுக்கவிட்டால் மூச்சுத் திணறும் ஒலி வரும். ‘ஸ்’ ஒலியை அடக்கும் டீ-எஸ்ஸர் கம்ப்ரஸருக்குப் பின்னால். ஏனென்றால் கம்ப்ரஸர்தான் ‘ஸ்’ஸைத் தூக்கிவிடுகிறது. 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸுக்குள் தேடுங்கள். ‘சொல்’ என்பது ‘தொல்’ என்று கேட்கத் தொடங்கினால் அதிகமாகிவிட்டது.

டிலேக்கு 60,000-ஐ பிபிஎம்மால் வகுத்தால் ஒரு கால் சுரத்தின் மில்லிசெகண்ட் வரும். 120-இல் 500, புள்ளி வைத்த எட்டாம் பங்கு 375. ரிவெர்புக்கு 20 முதல் 40 மில்லிசெகண்ட் ப்ரீ-டிலே (தொடங்குமுன் சிறு இடைவெளி) கொடுத்தால் சொல் முன்னால் நிற்கும். டிலேயை அனுப்பும் பஸ்ஸில் குரலையே சைட்செயினாக வைத்து கம்ப்ரஸர் போட்டால், பாடும்போது டிலே அடங்கி, வரி முடிந்ததும் மலரும்.

நடுக்கம் லிமிட்டரால், அதாவது ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் கருவியால், வருவது. இன்ஸ்ட்ருமென்டலில் கிக் லிமிட்டரை எவ்வளவு இடித்தாலும் அந்த ‘பம்ப்’ சுகமாகவே இருந்திருக்கும். நீளும் குரல் அதே லிமிட்டரில் மாட்டும்போது ஒவ்வொரு கிக்குக்கும் குரல் குனிந்து எழுகிறது. லிமிட்டரைத் தளர்த்துவதற்கு முன், கிக் சேனலிலேயே ஒரு சாஃப்ட் கிளிப்பர் போட்டு உச்சத்தை 2 டெசிபெல் சீவுங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

கேள்வி: கேட்பவர்கள் ஓடிவிடுவார்களா? ஆல்பத்தில் குரலை எப்படி அறிமுகம் செய்வது?

முன்மாதிரிகள் உண்டு. இங்கிலாந்தின் எலக்ட்ரானிக் இசைக்கலைஞர் ஜேம்ஸ் பிளேக் 2010-இல் வெளியிட்ட சிறு தொகுப்புகளில் (இபி) குரல் வெட்டப்பட்டு, சுருதி மாறி, இன்னொரு வாத்தியமாக வந்தது. 2011-இல் தன் பெயரிலேயே வந்த ஆல்பத்தில் அவரே முன்னால் வந்து பாடினார். வெனிசுவேலாவைச் சேர்ந்த எலக்ட்ரானிக் இசைக்கலைஞர் ஆர்க்கா 2017-இல் தன் பெயரிலான ஆல்பத்தில் ஸ்பானிய மொழியில் தன் குரலை நடுவில் வைத்தார். இருவர் விஷயத்திலும் ஒலியின் கையெழுத்து மாறவில்லை. உங்கள் டிரம் சாம்பிள்கள், சிந்த் நிறங்கள், பழைய கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் காணும் அந்த இரண்டு மூன்று பழக்கங்கள், அவற்றை விட்டுவிடாதீர்கள்.

குரலைக் கடைசி டிராக்கில் ஒளிக்காதீர்கள். அது மன்னிப்புக் கேட்பது மாதிரி. முதல் டிராக்கில் சொல் இல்லாத ஹம்மிங்காக, சிந்தோடு கலந்து தலைகாட்டட்டும். இரண்டாவதில் முழுப் பாட்டு. முதலில் வெளியிடும் சிங்கிளும் பாடிய பாட்டாக இருந்தால் ஆல்பம் வரும்போது யாருக்கும் வியப்பு இருக்காது.

மிக்ஸ் முடிந்த அன்றே இன்ஸ்ட்ருமென்டல் வடிவத்தையும் குரல் மட்டும் உள்ள வடிவத்தையும் ஏற்றுமதி செய்து வையுங்கள். பிறகு பிளக்-இன் ஒன்று திறக்காமல் போனால் முடியாது. இன்ஸ்ட்ருமென்டல் வடிவத்தையும் வெளியிட்டால் அதற்குத் தனி ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய அடையாள எண்) வேண்டும். கிரெடிட்டில் தயாரிப்பு, பாடகர், பாடலாசிரியர் மூன்றையும் தனித்தனியாக நிரப்புங்கள். மெட்டிலோ வரியிலோ வேறொருவர் கை இருந்தால் பங்கு எவ்வளவு என்பதை அன்றே எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்லது.

கேள்வி: மேடையில் லேப்டாப்பையும் பார்த்துக்கொண்டு பாட முடியுமா?

முடியும், கையில் இருக்கும் வேலையைப் பாதியாக்கினால். பாடும் பகுதிகளில் உங்கள் கை தொட வேண்டியவை இரண்டு கட்டுப்பாடுகளுக்கு மேல் இருக்கக்கூடாது. மைக் டைனமிக்காக இருக்கட்டும். கார்டியாய்டு என்றால் மானிட்டர் மைக்குக்கு நேர் பின்னால்; சூப்பர்கார்டியாய்டு என்றால் அதன் செவிட்டுப் புள்ளி சுமார் 125 டிகிரியில் இருப்பதால் மானிட்டர் சற்றுப் பக்கவாட்டில். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் பின்பக்கத் துளைகள் அடைபட்டு, அது எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கிக் கூவும்.

குரலை லேப்டாப் வழியாக அனுப்பி எஃபெக்ட் போடுவதென்றால் வறண்ட குரலை நேராக மிக்ஸருக்கும், டிலே-ரிவெர்பை மட்டும் லேப்டாப்பிலிருந்தும் கொடுங்கள். லேப்டாப் உறைந்தாலும் குரல் நிற்காது. டிராக்கைக் குறைந்தது இரண்டு ஜோடியாகப் பிரித்துக் கொடுங்கள், தாளமும் பேஸும் ஒன்றில், மற்றவை இன்னொன்றில். குரல் புரியாவிட்டால் ஒலி இன்ஜினியர் எதைக் குறைப்பது என்று அவர் கையில் இருக்கும். டபுள்களும் பின்குரல்களும் டிராக்கிலிருந்தே வரலாம். முக்கியக் குரலை மட்டும் அதில் வைக்காதீர்கள். ஒரு வரி தவறினால் இரண்டு குரல் கேட்கும். பாட்டுக்கு நடுவே பேசும்போது டிலே அனுப்புவதை அணைக்க ஒரு ஃபுட்சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உங்கள் ‘நன்றி’ எட்டு முறை கேட்கும்.